கோவமா, அதுவா?

நான் பேசாமல் இருந்தால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணமான புதிதிலேயே என் கணவர் அதைப் படித்துக்கொண்டார். நான் கத்தினால் பயப்பட ஒன்றுமில்லை, கத்தி முடித்ததும் காபி வந்துவிடும். வாயை மூடிக்கொண்டால்தான் ஆபத்து. என் கோபம் எங்கள் தெருவுக்கே தெரியும். கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட "டீச்சர் இருக்காங்களா?" என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு, இருக்கிறேன் என்று தெரிந்தால் சிலிண்டரைப் பூப்போல இறக்கி வைப்பார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் எனக்கு வந்த வியாதியை இரண்டு மூன்று வருடம் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம் என்பதால், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கணக்கு டீச்சர். தருமபுரியில் வீடு, வத்தல்மலை மேலே பள்ளிக்கூடம். மலைக்கு பஸ் உண்டு. ஆனால் அது வருகிற நேரத்துக்கும் பள்ளி மணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் ஸ்கூட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்து லாரிக்காரர்கள் ஒதுங்குவதுண்டு. என் கணவர் டவுனில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களைப் பிரித்து, செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டிக்கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். அவருடைய அம்மா, என் அத்தை, எங்களோடுதான் இருக்கிறார். இந்த மூன்று பேரும்தான் வீடு.

முதலில் வந்தது ஒரு வாசனை. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறும். ராட்டினம் மேலே போய் இறங்கும்போது வயிறு என்ன செய்யுமோ, அது. உடனே மோட்டார் கருகிய வாசனை அடிக்கும். வயிற்றில் ஏறுவதை கேஸ் என்று முடிவு கட்டி ஓமத் தண்ணீர் குடித்தேன். வாசனையைக் கணவர் தலையில் போட்டேன். நாள் முழுக்கக் கருகின காயிலோடு கிடக்கிற மனிதர் மேல் வேறென்ன மணக்கும்? "குளிக்காம வூட்டுக்குள்ள வராதீங்கன்னு எத்தன தடவ சொல்..." என்று ஆரம்பிப்பேன். அந்த வாக்கியம் முடிந்ததே இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை நான் அதை முழுதாகச் சொல்லி முடித்திருக்கிறேன். ஏனென்றால் அடுத்து எனக்குத் தெரிவது, அவர் தண்ணீர்ச் சொம்போடு எதிரில் நின்று "தப்புதான், தப்புதான், இனிமே கடையிலயே குளிச்சிட்டு வரேன்" என்று கெஞ்சுவது. சொன்ன சொல் வேலை செய்கிறது என்று எனக்குத் திருப்தி.

அவர் பார்த்தது வேறு. திட்டிக்கொண்டிருந்த மனைவி பாதியில் நிறுத்துகிறாள். கண் இமைக்காமல் பார்க்கிறாள். எதையோ மெல்லுவது போல வாய் அசைகிறது. ஒரு கை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு கோபத்தை அவர் பார்த்ததில்லை. சரணடைந்துவிட்டார். சோப்பை மாற்றினார். சட்டையைக் கடையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வேறு சட்டையில் வந்தார். ஒருமுறை என்ன குற்றம் என்று தெரியாமலேயே மன்னிப்புக் கேட்டு, கையோடு ஒரு புது மிக்ஸியும் வாங்கி வந்தார். பழைய மிக்ஸி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளியில் பிள்ளைகள் வேறு முடிவுக்கு வந்திருந்தார்கள். பின்னக் கணக்கு நடுவில் டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வாயில் எதையோ அதக்குகிறார், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். அப்படியென்றால் மிட்டாய். விஷயம் தலைமையாசிரியர் வரை போய்விட்டது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், பிள்ளைங்க முன்னாடி வேணாங்க. ஸ்டாஃப் ரூம்ல வந்து நிம்மதியா சாப்பிடுங்க" என்றார். நான் இனிப்பைத் தொட்டே பல வருடமாகிறது. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அது நிஜக் கோபம்.

கோயிலில் நடந்ததுதான் உச்சம். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற நேரம், கோயிலே முழங்காலில் நிற்கிறது, நான் மட்டும் எழுந்து நின்று, கண்ணைப் பீடத்தில் நிறுத்தி, உதடு துடிக்க, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பூசை முடிந்ததும் எங்கள் தெரு ஜெபக் குழுவின் தலைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல அருள் எறங்குனத கண்ணால பாத்தேன் டீச்சர். இனிமே ஜெபமாலைய நீங்கதான் முன்னால சொல்லணும்" என்றார். கணக்கு டீச்சருக்கு அருள் இறங்குவது எங்கள் பங்கில் அதுவே முதல் முறை. நான் மறுக்கவில்லை. யார் மறுப்பார்கள்?

கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் கடவுளைப் பற்றிச் சொன்னார்கள். என் வியாதிக்கும் அச்சாகப் பொருந்துகிறது. டாக்டரிடம் போய் விவரம் சொல்ல வேண்டியவள் நான். அதைப் பார்க்கவே பார்க்காத ஒரே ஆளும் நான்தான். பார்த்தவர்களுக்கோ அது வியாதியாகத் தெரியவில்லை. ஒருவருக்குக் கோபம், ஒருவருக்கு மிட்டாய், ஒருவருக்கு அருள்.

சந்தேகப்பட்டது அத்தை ஒருவர்தான். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பது அவருடைய கொள்கை. பேய்க்கு ஒரு தாயத்து வாங்கிவிட்டு (வேதக்கார வீட்டில் இது யாருக்கும் தெரியக் கூடாது என்பதால் தாயத்தை ஜெபமாலைக்குள்ளேயே கோத்தார்), நோய்க்குத் தமக்குப் பழக்கமான ஒரு கிளினிக்குக்கு என்னை இழுத்துப் போனார். நான் வாயைத் திறக்கும் முன்பே டாக்டரிடம் அவரே ஆரம்பித்தார்.

"இவளுக்கு அப்பப்ப இழுப்பு வருதுங்க."

"எவ்வளவு நேரம்மா?"

"செத்த நேரங்க. இழு இழுன்னு இழுப்பா. அப்புறம் தானா நின்னுரும்."

"குளிர்ல ஜாஸ்தியா இருக்குதா?"

"மலைக்குப் போற பொண்ணு. குளிருக்குக் கேக்கணுங்களா?"

எங்கள் பக்கம் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு. டாக்டர் என் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, நன்றாக மூச்சு இழுக்கச் சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் ஒன்றை எழுதிக்கொடுத்தார். வலிப்பையும் இழுப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. டாக்டர் அப்படி எடுத்துக்கொண்டிருந்தாலாவது தவறிப்போய்ச் சரியான இடத்துக்கு வந்திருப்பார். ஆனால் அத்தை சொன்னது இரண்டையும் இல்லை. நான் முந்தானையைப் பிடித்து இழுப்பதைச் சொன்னார். அவர் கண்ணால் பார்த்ததும் அதுதான். பொய் சொன்னார் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

ஆறேழு மாதம் அந்த பம்பை உறிஞ்சினேன். மூச்சு ஏற்கெனவே நன்றாக இருந்தது, மேலும் நன்றாக ஆயிற்று.

பிறகு ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு மலையிறங்கிக்கொண்டிருந்தேன். வயிற்றில் அது ஏறியது, வாசனை அடித்தது. இங்கே எப்படி அவர் சட்டை வாசம் என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது, ஸ்கூட்டர் ஒரு வளைவில் ஓரத்துக் குட்டைச் சுவரில் முன்சக்கரத்தை முட்டிக்கொண்டு, இஞ்சின் ஓடியபடியே நிற்கிறது. நான் காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. அந்த வளைவுக்கு நான் எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. முந்தைய வளைவில் சுவர் இடிந்து கிடக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். வண்டியைத் தள்ளிக்கொண்டே பாதி மலை இறங்கினேன்.

வீட்டில் வந்து சொன்னேன். கணவர் கேட்டுக்கொண்டே இருந்தவர் தயங்கித் தயங்கி, "வூட்லயும் அப்படித்தான் நிப்ப. நான் கூப்புட்டாலும் பேசமாட்ட. கோவம்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வளைவில் எனக்கு யார் மேல் கோபம்? அங்கே ஆளே இல்லை. அதை யோசித்ததும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கோபமாக இருந்தால் ஸ்கூட்டர் ஓட்டலாம். கேஸாக இருந்தாலும், அருளாக இருந்தாலும் ஓட்டலாம். இது வேறு ஏதோ என்றால், அடுத்த முறை சுவர் இல்லாத வளைவாக இருந்தால், நான் இருக்கமாட்டேன். எது என்று தெரிந்தாக வேண்டும்.

ஸ்கூட்டரை மூடி வைத்துவிட்டு, சேலத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். என்னைவிட வயதில் சின்னப் பெண், என்னைவிடப் பொறுமைசாலி. தலை முழுக்கப் பசையைத் தடவி, ஒயர் ஒயராக ஒட்டி, மூளையில் ஓடுகிற மின்சாரத்தைக் காகிதத்தில் கோடு போட்டு எடுத்தார்கள். என் கணவரை வெளியே உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. தொழில் புத்தி. ஒவ்வொரு ஒயராகப் பார்த்து, "இதுக்கு எர்த் எங்கங்க?" என்று டெக்னீஷியனைக் கேட்டுக்கொண்டிருந்தார். ரிசல்ட் நார்மல். ஸ்கேனும் நார்மல். எனக்கு அழுகை வந்துவிட்டது. நார்மல் என்று கேட்டு அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"நார்மல்னா இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா" என்றார் டாக்டர். "அது வர்ற நேரத்துல எடுத்தாத்தான் சில பேருக்குத் தெரியும். மத்த நேரம் எல்லாம் சரியா ஓடும்."

"லூஸ் கனெக்‌ஷனுங்களா?" என்று என் கணவர் மலர்ந்தார். "எங்க கடைக்கும் வருங்க. இங்க போட்டா ஓடும், கெணத்துக்குக் கொண்டுபோனா ஓடாது."

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார் டாக்டர். என்னை லூஸ் என்று சொல்ல அவருக்கு ஒரு டாக்டர் துணை கிடைத்த நாள் அது.

டாக்டர் கடைசியில் சொன்னது இதுதான்: அது வரும்போது போனில் வீடியோ எடுத்து வாருங்கள், ஏதாவது ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வருகிறதா பாருங்கள். சுலபமான வேலை என்றுதான் அவர் நினைத்திருப்பார். எங்கள் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியாது. நான் பேசாமல் நின்றால் அது கோபமா, வியாதியா என்று என் கணவர் ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். கோபமாக நிற்கிற பெண்டாட்டியின் மூஞ்சிக்கு நேரே போனைப் பிடித்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்: "கோவமா இருந்து வீடியோ எடுத்தா போன் போயிரும். அதுவா இருந்து எடுக்காம விட்டா நீ போயிருவ. போன் போனா போவுது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் மௌனத்துக்கு மரியாதை போயிற்று. சாம்பாரில் உப்பு அதிகம் என்று அவர் சொல்லி, நான் பதில் சொல்லாமல் திரும்பினால், எதிரில் போன். "டீச்சர், ரெண்டும் ரெண்டும் எத்தன?" நடுங்குகிற குரலில் கேள்வி. கணக்கு டீச்சரிடம், அதுவும் சண்டை நடுவில், கேட்கக்கூடிய கேள்வியா இது? முறைப்பேன். முறைத்தால் கோபம் என்று புரிந்துகொண்டு போனை இறக்கிப் பின்வாங்குவார். அத்தை சமையலறையிலிருந்து "எடுத்துட்டியாடா?" என்பார். "இல்லம்மா, இது சும்மா கோவம்." இப்படியே வாரங்கள் ஓடின. என் கோபம் இவ்வளவு மலிவாக எப்போதும் போனதில்லை.

மறுபடி சேலம் போனபோது சாட்சிக்கு அத்தையும் வந்தார். கணவர் போனை டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது கோவம்" என்றார். அடுத்ததைத் தள்ளினார். "இதுவும் கோவம்தான்." அடுத்தது. "இது நல்ல கோவம்." ஒன்றில் நான் சிலிண்டர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், அது எதற்கு எடுத்தது என்று இன்றுவரை விளக்கம் இல்லை. டாக்டர் சிரிப்பை அடக்க மேஜைக்கு அடியில் எதையோ தேடினார்.

பிறகு ஒன்றில் நிறுத்தி, சிரிப்பை விட்டு, திரும்பத் திரும்பப் பார்த்தார். என் பக்கம் போனைத் திருப்பினார்.

நான் களி கிண்டிக்கொண்டிருக்கிறேன். கை நிற்கிறது. துடுப்பு நழுவுகிறது. வாய் மெல்லுகிறது. இடது கை முந்தானையை இழுக்கிறது, அத்தை சொன்னபடியே. கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் அதில் நான் இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. "டீச்சர், ரெண்டும் ரெண்டும் எத்தன?" என்று அவர் குரல். முறைக்கவில்லை. "கண்ணு, எத்தன? சொல்லு கண்ணு." குரல் உடைகிறது. என் வலது கை மெதுவாகப் போய்க் கொதிக்கிற பாத்திரத்தின் விளிம்பைத் தேடுகிறது. சட்டென்று அவர் கை உள்ளே வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கிறது. போன் கீழே விழுந்து கூரை மட்டும் தெரிகிறது. "இருக்கேன், இங்கதான் இருக்கேன், இருக்கேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வெகுநேரம் கழித்து என் குரல் கேட்கிறது: "என்னாத்துக்குங்க கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? களி அடிப்பிடிக்குது பாருங்க."

எனக்கு அது எதுவுமே தெரியாது. அன்று களி அடிப்பிடித்ததற்கு அவரைத் திட்டியது மட்டும் ஞாபகம் இருந்தது.

"இது வலிப்புதாம்மா" என்றார் டாக்டர். "மூளைல ஒரு பக்கத்துல மட்டும் வர்ற வலிப்பு. வர்றதுக்கு முன்னாடி ஏதாவது வாசனை அடிக்குமா?"

"கருகின மோட்டார் வாசனைங்க" என்றேன்.

"அதுவும் இதுலதான் சேர்த்தி. நிஜ வாசனை இல்ல."

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அப்ப என் சட்டை இல்லீங்களா டாக்டர்?"

அத்தைதான் ஒப்புக்கொள்ளவில்லை. வலிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "கீழ வுழல, நொர தள்ளல, ஒருத்தரும் ஓடியாந்து கையில சாவி குடுக்கல. சாவியே குடுக்காம அது எப்படிங்க வலிப்பு?"

"சாவி குடுத்தாலும் குடுக்காட்டியும் அது தானாத்தாம்மா நிக்கும்" என்றார் டாக்டர். இரும்புக்கு வேலையில்லை என்றதும் அத்தைக்கு டாக்டர் மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்தது. மாத்திரைக்கு மட்டும் சம்மதித்தார்.

மாத்திரை கேட்டது. வாசனை நின்றது, வகுப்பில் மிட்டாய்ப் பேச்சு நின்றது. ஜெபமாலை மட்டும் என்னிடமே இருக்கிறது, ஆனால் ஜெபக் குழுத் தலைவி போன வாரம் வருத்தத்தோடு சொன்னார், "முன்ன மாதிரி உருக்கம் இல்லீங்க டீச்சர்."

ஸ்கூட்டர்தான் கூடாது என்றுவிட்டார் டாக்டர். ஒன்றுமே வராமல் வெகுநாள் போக வேண்டும், அப்போதும் அவரைக் கேட்டுத்தான். அதற்கு நான் போட்ட சண்டையை எழுத இந்த இடம் போதாது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் தம் பைக்கின் பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு கம்பி வைத்து வெல்டிங் செய்துகொண்டு வந்தார். கடையைத் திறக்கும் முன் தினமும் என்னை மலையில் கொண்டுபோய் விடுகிறார். மாட்டு வண்டி முந்துகிற வேகம். எனக்குப் பின்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அவர் ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். சொல்லவில்லை. ஓட்டுகிறவருக்கு என் முகம் தெரியாதல்லவா? பைக் அப்படியே ஓரத்துக்கு வந்தது. ஒரு கையைப் பின்னால் நீட்டி என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பைக்கை நிறுத்தி, இறங்கி, என் முகத்தைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை.

"கோவமா, அதுவா?"

முறைத்தேன். "கோவந்தான்."

"அப்பாடா" என்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், கண்ணையும் சேர்த்துத்தான். "கோவந்தானே? இரு, நல்லா கோவமா இரு."

இவ்வளவு காலம் என் கோபத்துக்கு நடுங்கிய மனிதர், அதைக் கண்டு சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். துண்டைப் பிடுங்கி நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் அதற்காகச் சும்மா இருந்தால் மறுபடி பைக்கை நிறுத்திவிடுவார். அதனால் அங்கிருந்து பள்ளிக்கூட வாசல் வரை, ஒரு வளைவு விடாமல், அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.